அடிக்கணக்கு

வாழப்பாடி பைபாஸில் என் கடை.
எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்.
கருகிய செம்பின் வாசனை
சட்டையைத் துவைத்தாலும் போகாது.
உங்கள் வேர்வைகூட மூன்று ஃபேஸில் வருகிறது
என்பாள் மனைவி.

ரசீதில் ஒரு கட்டம் உண்டு:
எத்தனை அடியில் இறக்கியிருந்தது?
கேபிள் நீளத்துக்காகத்தான் கேட்பேன்,
வேறு அக்கறை ஒன்றுமில்லை.
தொண்ணூற்றெட்டில் இருநூற்றுப் பத்து.
மகள் பிறந்த வருடம் நானூற்று அறுபது.
அவள் கல்லூரியில் சேர்ந்தபோது தொள்ளாயிரம்.
போன வாரம் பேளூர்ப் பக்கம் ஒரு பாக்குத்தோப்பு,
ஆயிரத்து நாற்பது.

கடைவாசலில் நின்றால் சேர்வராயன் தெரியும்.
கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் மலையில்
கால்வாசியைக்
கீழ்நோக்கி ஏறிவிட்டோம்.

அர்த்தநாரி ரிக் வண்டி வைத்திருக்கிறார்.
பூமிக்கு அடி என்று ஒன்று கிடையாதுங்க,
ராடு தீர்ந்துபோகிற இடம்தான் உண்டு என்பார்.
இரவெல்லாம் கல்மாவு பறக்கும்.
விடியும்போது
பக்கத்துக் காட்டுப் பருத்திக்கு நரைத்திருக்கும்.

மாதையனுக்குத் தோப்பு இங்கே, வீடு சேலத்தில்.
ஐந்து ரோட்டில் காபி ஆறுவதற்குள்
மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.
எழுநூறு அடிக்குக் கீழே ஏதோ விழித்துக்கொள்ளும்.
ஈரம் அவர் கைக்கு வராது.
'மோட்டார் ஓடுகிறது' என்று
ஒரு பெண்குரல் வரும்.
இலவசக் கரண்டு. நிறுத்தச் சொல்லி
யாரும் யாருக்கும் கால் பண்ணுவதில்லை.

தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்க ஒரு கருவி உண்டு,
ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், கட்டைவிரல் அளவு.
பத்தில் ஆறு பேர் அதைத் துண்டிக்கச் சொல்வார்கள்.
சும்மா சும்மா நின்னுடுதுங்க, அந்த ஒயரை எடுத்துவிடுங்க.
எடுத்துவிட்டிருக்கிறேன்.
அதற்குக் கூலி வாங்கியதில்லை,
என் நேர்மை அவ்வளவுதான்.
மூன்று மாதத்தில் அதே மோட்டார் எரிந்து வரும்.
அதற்கு வாங்குவேன்.
நீர் இறங்க இறங்க என் கடை ஏறியது.
மாடி கட்டினேன்,
சிமென்ட் குழைக்க டேங்கர் லாரித் தண்ணீர்.

பாவாயி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஏழரை எச்.பி., மூன்றாம் தடவை எரிந்தது.
இதை எடுத்துக்கிட்டு மூணு எச்.பி. ஒண்ணு கொடுங்க என்றாள்.
பணமுடை என்று நினைத்துத் தவணை சொன்னேன்.
அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.
பக்கெட்டு வெச்சு எட்டு நாள் அளந்தேனுங்க.
ஊறுற அளவுக்கு மோட்டார் வேணும்.
மோட்டார் அளவுக்கு ஊறு-ன்னு
பாறைகிட்ட நான் சொல்ல முடியுமா?

கேட்லாக்கைப் புரட்டினேன்.
ஐந்துக்கு அப்புறம் ஏழரை, பத்து, பன்னிரண்டரை.
முப்பது வருடமாக வலப்பக்கம் புரட்டிய விரல்
அன்று இடப்பக்கம் போகத் தடுமாறியது.
பெயர்ப்பலகையில் வோல்ட் இருக்கிறது, ஆம்பியர் இருக்கிறது,
ஹெட், டிஸ்சார்ஜ், சுற்று எல்லாம் இருக்கிறது.
அவள் பக்கெட்டில் கொண்டுவந்த எண்ணை
எங்கே பொறிப்பது என்று தெரியவில்லை.
கருவியைத் துண்டிக்காமல் மாட்டிக் கொடுத்தேன்.
அவளும் கேட்கவில்லை.

மறுமாதமே அவள் வேலியிலிருந்து அறுபதடியில்
அர்த்தநாரியின் வண்டி நின்றது.
பாறைக்கு வேலி தெரியாது,
வெடிப்பு வழியே ஒருவர் உறிஞ்சினால்
இன்னொருவருக்கு வற்றும்.
இதை அர்த்தநாரியிடம் சொன்னேன்.
நான் நிறுத்தினா இன்னொரு வண்டி வரும் என்றார்.
நான் கட்டாவிட்டால் இன்னொரு கடை கட்டும்
என்று நான் சொல்லும் அதே தொனியில்.

இரண்டு கோடை போய்விட்டது.
பாவாயியின் மோட்டார் திரும்பி வரவில்லை.
எரியாததால் வரவில்லையா,
இழுக்க ஒன்றுமில்லாமல்
குழாயோடு கிடக்கிறதா,
போய்ப் பார்த்துவிடலாம், எட்டுக் கிலோமீட்டர்தான்.
போகவில்லை.
ரசீதுப் புத்தகத்தில் அவள் பக்கத்துக்கு அப்புறம்
ஒரு தாளை விட்டுவைத்து
அடுத்த தாளில் எழுதுகிறேன்:
ஆயிரத்து நூற்று இருபது.